பாம்பு தீண்டினால்: வரப்பிலிருந்து மருத்துவமனை வரை, அங்கிருந்து வீடு வரை

ஐப்பசி மாதத்து அந்தி நேரம். மடை திருப்பப் போன அப்பாவுக்கு வரப்பில் கால் வைத்ததும் கணுக்காலுக்கு மேலே நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தார். உடம்பெங்கும் சங்கிலிபோல் வட்டப் புள்ளிகளுடன் பருத்த பாம்பு ஒன்று புல்லுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி விரியன். அவர் அங்கிருந்து வீட்டுக்கு ஓடி வந்தார். நாங்கள் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினோம். பிறகு பக்கத்து ஊரில் விஷக்கல் வைப்பவரிடம் கொண்டுபோனோம். அங்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருடைய ஈறுகளில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அப்பா பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் நின்றுபோய் ஒன்பது முறை டயாலிசிஸ் செய்த பிறகுதான் பிழைத்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அன்பு குறையவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. இந்த வழிகாட்டியை எழுதுவது அதற்காகத்தான்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர். இறந்தவர்களில் கால் பங்குக்கும் மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இவ்வளவுக்கும் மருந்து இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஒரே மருந்து, நம் நாட்டிலேயே தயாராகிறது. கடிபட்டவர் அந்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் சென்றடைகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் சில நிமிடங்கள்

பாம்பை விட்டு இரண்டு மூன்று எட்டு விலகி நில்லுங்கள். உடனே சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள். பாம்பைத் தேட வேண்டாம், அடிக்க வேண்டாம். ஒரு பாம்பு ஒரு முறை கடித்ததோடு விஷம் தீர்ந்துபோவதில்லை. அடிக்கப் போனவரும் கடிபட்டு இரண்டு பேராக மருத்துவமனைக்கு வருவது உண்டு. வெட்டிய தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கக்கூடியது. தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் நட்டமில்லை. நான்குக்கும் ஒரே மருந்து என்பதால், பாம்பின் பெயர் தெரியாமலும் மருத்துவர் வேலையைத் தொடங்க முடியும்.

மணி பாருங்கள். கடித்த நேரத்தை யாராவது ஒருவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது எழுதிக்கொள்ள வேண்டும்.

கடிபட்ட கையிலோ காலிலோ இருக்கும் மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கைக்கடிகாரம், மந்திரித்துக் கட்டிய கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அவை சதைக்குள் புதைந்து இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். மெட்டியைக் கழற்றுவது அபசகுனம் என்று தயங்குகிற வீடுகள் உண்டு. தயங்க வேண்டாம். விரல் மிஞ்சினால் மெட்டியை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

கடிபட்டவரை உட்கார வையுங்கள், முடிந்தால் படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள். விஷம் பெரும்பாலும் தோலுக்கு அடியில் உள்ள நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் ஏறுகிறது. அந்தக் குழாய்களைத் தள்ளிவிடும் பம்பு நம்முடைய தசைதான். காலை அசைக்க அசைக்க விஷத்தை நாமே மேலே ஏற்றிக்கொள்கிறோம். வயலிலிருந்து வீடு வரை அப்பா ஓடிய ஓட்டம் என்ன செய்திருக்கும் என்று இப்போது புரிகிறது. தனியாக இருந்து, கத்தினாலும் ஆள் வராத இடமென்றால் நடக்கத்தான் வேண்டும். மெதுவாக நடந்து ஆள் இருக்கும் இடத்துக்கு வாருங்கள்.

கட்டலாமா?

கூடாது. கயிறு, துண்டு, தாலிக்கொடி எதைக் கொண்டும் இறுகக் கட்டக் கூடாது. நம் ஊரில் இதுதான் எல்லாருக்கும் தெரிந்த முதலுதவி, அதிகச் சேதம் செய்வதும் இதுவே. இறுக்கமான கட்டு காலுக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திவிடுகிறது. விரியன் விஷம் சதையை அரிக்கக்கூடியது. (விரியன் என்று நான் சொல்வது கண்ணாடி விரியனையும் சுருட்டை விரியனையும்தான். பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் இதில் சேராது.) கட்டுக்குக் கீழே அது தேங்கி நின்றால் சேதம் அந்த இடத்திலேயே குவிகிறது. உயிர் பிழைத்தும் பாதத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே யாராவது கட்டிவிட்டார்களா? அப்படியானால் வழியில் சட்டென்று அவிழ்த்துவிடாதீர்கள். தேங்கி நின்ற விஷம் ஒரே வீச்சில் உடம்பெங்கும் பாயலாம். மருத்துவமனையில் நரம்பில் ஊசி ஏற்றி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மருத்துவர் அவிழ்ப்பார்.

கட்டுக்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, எலும்பு முறிந்தவருக்குச் செய்வதைப் போல அசையாமல் வைப்பது. காலென்றால் பக்கத்தில் ஒரு நேரான குச்சியை அல்லது மடித்த அட்டையை வைத்து, துண்டால் தளர்வாகச் சுற்றுங்கள். துண்டுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். கையென்றால் துணியில் தூளி கட்டி நெஞ்சோடு சேர்த்துத் தொங்கவிடுங்கள்.

கத்தியால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, சூடு போடுவது, பனிக்கட்டி வைப்பது எதிலும் பயன் இல்லை. விரியன் விஷம் ஏறியவருக்கு இரத்தம் உறையாது. கீறிய இடம் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். பச்சிலைச் சாறு, சாராயம், மிளகுக் கஷாயம் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் விழுங்கும் தசைகள் தளர்ந்துவிடும். குடித்தது மூச்சுக்குழாய்க்குள் போகும். வலிக்கு டைக்ளோபெனாக், ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்ற மாத்திரைகளும் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

கல் வைப்பவரைப் பற்றி

எங்கள் பகுதியில் விஷக்கல் வைப்பவர் நல்ல மனிதர். காசு வாங்குவதில்லை. அவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் நூறு பேரையாவது ஊரார் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. நம்மைக் கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், வெள்ளிக்கோல் வரையன் போன்ற விஷமற்றவை. விஷப் பாம்புகூடச் சில சமயம் விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். இப்படிப்பட்டவர்கள் கல் வைத்தாலும் பிழைப்பார்கள், வைக்காவிட்டாலும் பிழைப்பார்கள். பிழைத்தவர் கல்லைப் புகழ்வார். மற்றவருடைய கணக்கு விதியின் பெயரில் எழுதப்படும்.

வேப்பிலையை மெல்லக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்ப்பதும், மிளகாய் காரம் தெரிகிறதா என்று பார்ப்பதும் இதே வகை. நாக்கின் ருசியை வைத்து விஷம் ஏறியதா என்று சொல்ல முடியாது. வீட்டுப் பெரியவர்கள் மந்திரிக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அவர்களோடு சண்டை போட்டு நேரத்தை இழக்காதீர்கள். மந்திரிப்பவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வழியில் மந்திரிக்கட்டும்.

வண்டியும் வழியும்

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, கட்டணம் இல்லை. அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டிய சொல் ‘பாம்புக்கடி’. கிராமத்தில் அந்தி சாய்ந்தால் பாம்பு என்று சொல்ல மாட்டோம், ‘பூச்சி’ என்போம். தொலைபேசியிலும் மருத்துவமனையிலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘பூச்சி கடித்துவிட்டது’ என்று சொன்னால் கேட்பவர் வண்டுக்கடி என்று நினைத்துக்கொண்டு வரிசையில் உட்காரச் சொல்லக்கூடும்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். மோட்டார் சைக்கிள் மட்டுமே இருந்தாலும் போகலாம். ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைத்து, பின்னால் இருப்பவர் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடிபட்டவர் ஒருபோதும் தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. பாதி வழியில் இமை தளர்ந்து பார்வை இரட்டையாகத் தெரியலாம்.

எங்கே போவது? பெரிய மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஐந்து கிலோமீட்டரில் என்றால் பலரும் பெரிய இடத்துக்கே ஓடுகிறார்கள். என் கருத்து இது: முதல் மருந்தை இப்போது போடக்கூடிய மிக அருகிலான இடத்துக்குப் போங்கள். அங்கே மருந்தைத் தொடங்கிவிட்டு, அந்த மருத்துவரே ஆம்புலன்ஸில் மேலே அனுப்பட்டும். வழியிலிருந்தே ஒருவர் தொலைபேசியில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். பாம்புக்கடி மருந்து கையிருப்பில் இருக்கிறதா? இந்த நேரத்தில் மருத்துவர் இருக்கிறாரா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வண்டியை அடுத்த இடத்துக்குத் திருப்புங்கள்.

வழியில் கடிபட்டவரைப் பேச வைத்துக்கொண்டே போங்கள். குரல் குழறுகிறதா, இமை சரிகிறதா, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுகிறாரா என்று கவனியுங்கள். வாந்தி வந்தாலோ மயக்கம் வந்தாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுபோனால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மருத்துவமனை வாசல் வரை ஊதிக்கொண்டே போங்கள். நாகம், கட்டுவிரியன் போல நரம்பைத் தாக்கும் விஷத்தில் நின்றுபோவது முதலில் மூச்சுதான். இதயம் அதற்குப் பிறகும் சில நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடத்தில் நீங்கள் ஊதும் காற்றில்தான் அவர் உயிர் நிற்கும்.

எது கடித்தது என்பதை உடம்பு சொல்லும்

விரியன் கடித்தால் மறைக்க முடியாது. வலி உடனே தொடங்கும், வீக்கம் மணிக்கு மணி ஏறும், கொப்புளம் வரும். ஈறில், மூக்கில், பழைய காயத்தில் இரத்தம் கசியும். சிறுநீர் சிவந்து போகும். கண்ணாடி விரியன் வயல், புதர், வைக்கோற்போர் ஓரங்களில் அதிகம். சுருட்டை விரியன் ஒரு முழ நீளம் இருக்கும். வறண்ட மண்ணிலும் கல்லிடுக்கிலும் வாழும். சின்னது என்று அலட்சியம் செய்ய வேண்டாம். வீக்கம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் தோலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். மருத்துவருக்கு அந்தக் கோடு பெரிய உதவி.

நாகம் கடித்தால் கடிவாயில் வலியும் வீக்கமும் இருக்கும், சதை கறுக்கும். கூடவே இமை தளரும், பேச்சு குழறும், மூச்சு திணறும். சிலருக்கு அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடும்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல்தடம் கண்ணுக்குத் தெரியாது, வீக்கம் இருக்காது, வலிகூட இருக்காது. எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் கடுமையான வயிற்று வலியும் வாந்தியும் வரும். ‘இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு இமை மூடும், தொண்டை அடைக்கும், கடைசியில் மூச்சு. தரையில் படுத்துத் தூங்கிய ஒரு பிள்ளை அதிகாலையில் வயிற்று வலி என்று அழுது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால், கடித்த அடையாளம் எங்குமே இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியது. கட்டுவிரியன் விஷம் முற்றிலும் ஏறியவர் அசைய மாட்டார், கண் திறக்க மாட்டார், கண்மணி விரிந்து நிற்கும், வெளிச்சத்துக்குச் சுருங்காது. பார்ப்பதற்கு மூளை செயலிழந்தவர்போல் இருப்பார். ஆனால் அவர் நினைவோடு இருக்கலாம். பேசுவது காதில் விழலாம். செயற்கைச் சுவாசத்தில் சில நாட்கள் வைத்திருந்தால் எழுந்து நடக்கக்கூடியவர். ‘இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கட்டிலருகே ஒப்பாரி வைக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, சரியாகிவிடும், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

போனவுடன் சொல்ல வேண்டியவை: கடித்த நேரம், இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், இதுவரை தோன்றிய அறிகுறிகள் எந்த வரிசையில் வந்தன, நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா, ஒவ்வாமை உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா, பெண்ணென்றால் கருவுற்றிருக்கிறாரா. கல் வைத்ததை மறைக்காதீர்கள். திட்டு விழுந்தால் விழட்டும்.

முதலில் ஒரு எளிய சோதனை செய்வார்கள். இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீர்போல் ஓடினால் விரியன் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை சரிவராது. அப்பாவின் இரத்தம் தண்ணீர்போலத்தான் ஓடியது. முதல் முறை உறைந்துவிட்டாலும் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

விஷ அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் மருந்து போட மாட்டார்கள். ‘பாம்பு கடித்தவரை ஊசி போடாமல் படுக்க வைத்திருக்கிறார்கள்’ என்று பலர் சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் செய்வது சரி. இந்த மருந்துக்கே ஒவ்வாமை வரக்கூடும், தேவையில்லாதவருக்குப் போடக் கூடாது. ஆனால் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு முழு நாள், 24 மணி நேரம், அங்கேயே இருக்க வேண்டும்.

மருந்து எப்படிப்பட்டது என்று தெரிந்தால் பயம் குறையும். பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890களில் கண்ட வழிதான் இன்றும். சிறிதளவு விஷத்தைக் குதிரைக்குப் படிப்படியாகச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்துச் சுத்திகரித்தால் மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவதில் பல ஆண்டுகளாகப் பெரும்பங்கு வகிப்பவர்கள் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978இல் தொடங்கிய சங்கம் அது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்பாவின் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்துக்குப் பின்னால் அப்படி ஒருவருடைய கை இருந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். விருதுச் செய்தியை அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

மருந்து பெரும்பாலும் பொடியாக இருக்கும். ஒரு குப்பிக்குப் பத்து மில்லி மருந்துநீர் சேர்த்து மெல்லச் சுழற்றிக் கரைப்பார்கள். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் அவசரப்படுத்தாதீர்கள். கரைத்த ஒவ்வொரு மில்லியும் நாக விஷத்திலும் கண்ணாடி விரியன் விஷத்திலும் 0.6 மில்லிகிராம், கட்டுவிரியன், சுருட்டை விரியன் விஷத்தில் 0.45 மில்லிகிராம் முறிக்க வல்லது. முதல் தவணையாக வழக்கத்தில் பத்துக் குப்பி வரை சலைனில் கலந்து ஏற்றுவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே அளவு. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை, விஷத்தின் அளவுக்குத்தான் மருந்து. ‘சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா’ என்று தடுக்காதீர்கள்.

ஏற்றும்போது உடம்பு அரித்தாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, மூச்சு இரைந்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். மருந்தை நிறுத்தி அட்ரினலின் ஊசி போடுவார்கள்; சரியானதும் மறுபடியும் தொடங்குவார்கள். இதைக் கண்டு பயந்து ‘மருந்தே வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

விரியன் கடிக்கு ஆறு மணி நேரம் கழித்து இரத்தத்தை மறுபடியும் சோதிப்பார்கள். உறைய வைக்கும் பொருட்களைக் கல்லீரல் திரும்பவும் உண்டாக்க அவ்வளவு நேரம் வேண்டும். இன்னும் உறையாவிட்டால் மறு தவணை. நாகக் கடிக்கு நியோஸ்டிக்மின் என்ற ஊசியை அட்ரோபினுடன் சேர்த்துப் போடுவார்கள். சரிந்த இமை கண்ணெதிரே மேலெழுவதைச் சிலரிடம் காணலாம். கட்டுவிரியன் கடியில் அந்த அற்புதம் பெரும்பாலும் நடக்காது. அதன் விஷம் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. புதிய நுனி வளர நாள் ஆகும். மருந்தால் இரத்தத்தில் ஓடும் விஷத்தைப் பிடிக்க முடியும், முன்பே நடந்துவிட்ட சேதத்தைத் திருப்ப முடியாது. அதனால்தான் இவ்வளவு அவசரம்.

சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதைக் கூட இருப்பவர் அளந்து எழுதிவைக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டாம் நாள் சிறுநீர் வெகுவாகக் குறைந்ததை முதலில் கவனித்தது அம்மா. டயாலிசிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் உடைந்து போனோம். வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டும் என்று நினைத்தோம். பாம்புக்கடியில் நின்றுபோன சிறுநீரகம் பலருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். அதுவரை அதன் வேலையை இயந்திரம் செய்கிறது.

வீடு திரும்பிய பிறகு

ஊரார் பார்க்க வருவதோடு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடிவதில்லை.

ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டு வலி, தோலில் தடிப்பு வரலாம். விஷம் திரும்ப ஏறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அது குதிரையிலிருந்து எடுத்த மருந்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, மாத்திரையில் தணியும். மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.

விரியன் கடித்தவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்திலும், கூடவே இரத்த அழுத்தத்தையும் சொல்லப்பட்ட நாட்களில் தவறாமல் பார்க்க வேண்டும். உடம்பு தெளிந்துவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். சிறுநீரகம் மெல்லப் பழுதாவது வலிக்காது. கண்ணாடி விரியன் கடித்த சிலருக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுவதும் உண்டு. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்துத் தீராத சோர்வு, தாழ்ந்த இரத்த அழுத்தம், உடல் முடி உதிர்தல், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதல் என்று தலைகாட்டும். அப்போது எந்த மருத்துவரைப் பார்த்தாலும் பழைய கடியைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

புண் ஆறும் வரை காலை உயர்த்தி வைத்திருக்கச் சொல்வார்கள். ஆறத் தொடங்கியதும் மூட்டுகளை அசைக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். விட்டால் தோல் சுருங்கிக் கணுக்கால் மடங்காமல் நின்றுவிடும். பத்தியம் என்ற பெயரில் உப்பில்லாக் கஞ்சி மட்டும் கொடுத்து ஆளை இளைக்க வைக்காதீர்கள். சிறுநீரகத்துக்காக மருத்துவர் ஏதாவது விலக்கச் சொன்னால் அதை மட்டும் விலக்கினால் போதும்.

பயமும் ஒரு நோய்தான். அப்பா ஆறு மாதம் வயல் பக்கம் போகவில்லை. தாம்புக் கயிறு தரையில் கிடந்தால் உடம்பு வியர்த்துவிடும். இரவில் நான்கு முறை எழுந்து கட்டிலுக்கு அடியில் விளக்கு அடித்துப் பார்ப்பார். அறுபது வயது மனிதரை ‘பயந்தாங்கொள்ளி’ என்று சிலர் கிண்டல் செய்தார்கள், எனக்கு மிகவும் வலித்தது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே நாலைந்து முறை போய்ப் பேசிய பிறகுதான் தூக்கம் வந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுபடியும் நேராமல் இருக்க

தமிழ்நாட்டில் 2024 நவம்பரிலிருந்து பாம்புக்கடி கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பது இனியாவது தெரியவரும். அது அரசின் வேலை. வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

தரையில் படுப்பதை நிறுத்துங்கள். கட்டில் வாங்க முடியாவிட்டால் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டுத் தூங்குங்கள். கட்டுவிரியனுக்கு இதைவிட மலிவான தடுப்பு கிடையாது. விறகையும் வறட்டியையும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இரவில் கொல்லைப் பக்கம் போனாலும் விளக்கு வேண்டும். வயலில் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வரப்பில் நடக்கும்போது கையில் ஒரு கோல் இருக்கட்டும், புல்லைத் தட்டிக்கொண்டே நடங்கள். வைக்கோல் பிடுங்குமுன் கோலால் அசைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: போகக் கூடாத இடத்துக்குப் போய்க் கடி வாங்கியிருந்தாலும் அடி விழாது, உடனே சொல்ல வேண்டும் என்று. திட்டு விழுமென்று மறைத்துப் படுத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்றே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, இரவில் யார் இருப்பார் என்று கேட்டு வாருங்கள். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம். அதில் 108, சுகாதார நிலையத்தின் எண், அரசு மருத்துவமனையின் எண், தெருவில் கார் வைத்திருக்கும் இரண்டு பேரின் எண்கள், எல்லாருடைய இரத்த வகையும் எழுதியிருக்கின்றன. கீழே ‘கட்டாதே, நடக்க விடாதே, மணி பார்’ என்று அம்மா தன் கையால் எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்து ஆணியில் அப்பாவின் கைவிளக்கு தொங்குகிறது. மடை திருப்ப இப்போதும் அவர்தான் போகிறார். கிளம்புமுன் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸ் இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பார்.